டாக்டர், நர்ஸ்... அப்புறம்?

(சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பதினைந்து நிமிஷம், ஏதாவது உபயோகமா பேசுப்பா" என்றார் செயலாளர். அந்த 'உபயோகமா' என்ற வார்த்தைதான் என்னைக் கொஞ்சம் பயமுறுத்தியது. ஆனால் நம் ஒன்றுகூடல்களில் என்ன பேசிக்கொள்கிறோம் என்று யோசித்தபோது விஷயம் தானாகக் கிடைத்துவிட்டது. முதல் பத்து நிமிஷம் ஹாஸ்டல் மெஸ். அடுத்த பத்து நிமிஷம் யார் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்ற கணக்கு. அதற்குப் பிறகு பேச்சு முழுக்கப் பிள்ளைகள்தான். "பொண்ணு பத்தாவது எழுதியிருக்கா, என்ன குரூப் எடுக்கலாம்?" "பையனுக்கு டாக்டர் ஆகணும்னு ஆசை. நீட்ல மார்க் வரலைன்னா என்னடா பண்றது?"

இந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் எல்லோரும் காப்பி டம்ளரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். அந்தக் கேள்விக்கான பதிலை எங்கே தேடுவது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இன்ஜினீயருக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் இங்கே படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். என் பிழைப்பு ஆஸ்பத்திரிகளுக்கு வரும் கருவிகளை நிறுவுவதும் பழுது பார்ப்பதும். தவிர, நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு இது புதிய உறவும் அல்ல. நம் மூத்த மாணவர் அப்துல் கலாம் அவர்கள் ஏவுகணைக்காக உருவான இலகுவான பொருளைக் கொண்டு, போலியோவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குக் காலிபர் செய்ய வழிசெய்ததை எல்லோரும் அறிவோம். மூன்று கிலோ கனத்தைக் காலில் கட்டிக்கொண்டு இழுத்து நடந்த குழந்தைகளுக்கு, ஏறக்குறைய முந்நூறு கிராமில் ஒன்று கிடைத்தது. அவர் தம் சாதனைகளில் மிகவும் மகிழ்ந்து சொன்னவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் ஒரு விஷயத்தை நாம் கவனிப்பதில்லை. காலிபரை ஒவ்வொரு குழந்தையின் காலுக்கும் அளவெடுத்து, பொருத்தி, நடக்கப் பழக்க ஒருவர் வேண்டும். அதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது. செயற்கை அவயவப் படிப்பு, 'புராஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்த்தோடிக்ஸ்' என்று பெயர். நம்மில் எத்தனை பேர் வீட்டில் இந்தப் பெயரைப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள்?

ஒரு பைபாஸ் ஆபரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை நிபுணர் இருக்கிறார், மயக்க மருத்துவர் இருக்கிறார். இவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள். இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் ரத்தத்தை ஓட வைக்கும் இயந்திரத்தை இயக்குபவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். மயக்க மருந்துக் கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு டெக்னீஷியன். ஆயுதங்களை எடுத்துத் தர ஒரு செவிலியர். அந்த ஆயுதங்களைக் கிருமி நீக்கி அனுப்ப இன்னொரு பிரிவு. ரத்த வங்கியில் ஒருவர், லேபில் ஒருவர். வெளியே வந்த பிறகு வென்டிலேட்டரைக் கவனிக்க ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட், மூச்சுப் பயிற்சி தர பிசியோதெரபிஸ்ட், என்ன சாப்பிடலாம் என்று சொல்ல டயட்டீஷியன். இத்தனை பேருக்கும் பின்னால், கருவி நின்றுபோனால் ஓடி வர என்னைப் போல ஒருவன்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். அந்த நான்காவது ஆள்தான் இன்று பெருகி நிற்கிறார். 2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், பத்து பிரிவுகளில் 50-க்கும் மேற்பட்ட தொழில்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் ஆகியோர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. ஆக, "டாக்டர் இல்லைன்னா நர்ஸ், நர்ஸ் இல்லைன்னா வேற என்ன?" என்று கேட்கும் நமக்கு, அந்த 'வேற என்ன'வுக்குள்ளேயே ஐம்பது பதில்கள் இருக்கின்றன.

நண்பர்களே, தகவல் இல்லை என்பது இங்கே பிரச்சினை இல்லை. தவறான தகவல் முதலில் வந்து கதவைத் தட்டுகிறது, சரியான தகவல் நாம் தேடிப் போகும்வரை காத்திருக்கிறது. இதுதான் பிரச்சினை.

சேலையூர் பக்கம் எங்கள் தெருவில் ஒரு பெண். அவள் அம்மா மெப்ஸ் வளாகத்தில் தையல் வேலைக்குப் போகிறவர். பிளஸ் டூ முடித்தவுடன், பஸ் ஸ்டாப் சுவரொட்டியைப் பார்த்து ஒரு மாடி அறை 'இன்ஸ்டிட்யூட்'டில் சேர்ந்துவிட்டாள். 'நர்சிங் டிப்ளமா, ஒரே வருடம், நூறு சதவீதம் வேலை.' அம்மா நகையை அடகு வைத்து ஐம்பதாயிரம் கட்டினார். வருஷம் முடிந்ததும் தங்க நிற முத்திரையோடு ஒரு சான்றிதழ் தந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவமனைக்கு வேலை கேட்டுப் போனாள். அங்கே கேட்டது ஒரே கேள்வி: "கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்னம்மா?" அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பதே அன்றுதான் அந்தக் குடும்பத்துக்குத் தெரியும்.

செவிலியர் ஆவதற்கு ஒரு வருடப் படிப்பு என்று எதுவுமே கிடையாது. துணைச் செவிலியர் என்ற ஏ.என்.எம். இரண்டு வருடம். ஜி.என்.எம். டிப்ளமா மூன்று வருடம். பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். இந்த மூன்று எண்கள் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் நகை வீட்டில் இருந்திருக்கும். அந்தப் பெண் கெட்டிக்காரி. மறுபடி விண்ணப்பித்து, இப்போது ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னாலஜி டிப்ளமா இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆனால் போன வருஷம் போனதுதான். நகையும் இன்னும் மீளவில்லை.

குறுகிய காலப் பயிற்சிகள் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் நடக்கும் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' பயிற்சி, நோயாளிக்கு உதவியாளராகப் போக நல்ல பயிற்சிதான். ஆனால் உதவியாளர் பயிற்சியை நர்சிங் என்று சொல்லி விற்பது வேறு.

ஆகவே எந்தப் படிப்பாக இருந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் பாஷையில் சொன்னால், இது ஒரு 'செக் லிஸ்ட்'.

முதல் கேள்வி: இந்தப் படிப்பை அங்கீகரிப்பவர் யார்? தமிழ்நாட்டில் தனியார் கல்லூரி என்றால், பெரும்பாலும் கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். 1988 முதல் செயல்படும் அந்தப் பல்கலைக்கழகம், எந்தக் கல்லூரிக்கு எந்தப் படிப்பு என்ற பட்டியலை வெளியிடுகிறது. கல்லூரியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அந்தக் கல்லூரிக்கு நேரே அந்தப் படிப்பும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் யு.ஜி.சி. பட்டியல். இன்னொரு அளவுகோலும் உண்டு. நான் சொன்ன 2021 சட்டம், துணை மருத்துவத் தொழிலருக்கான டிப்ளமாவோ பட்டமோ குறைந்தது 2000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு வருடங்களில் படித்ததாக இருக்க வேண்டும் என்கிறது. சுகாதாரத் தொழிலருக்கான பட்டம் என்றால் குறைந்தது 3600 மணி நேரம், மூன்று முதல் ஆறு வருடங்கள். ஆறு மாத 'டிப்ளமா' என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால், இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலே போதும்.

இரண்டாவது கேள்வி: படித்து முடித்தால் என் பெயரைப் பதிவு செய்பவர் யார்? செவிலியருக்குத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். மருந்தாளுநருக்கு 1948-ஆம் ஆண்டு பார்மஸி சட்டப்படி மாநில பார்மஸி கவுன்சில். செயற்கை அவயவம் பொருத்துபவர், பேச்சு மற்றும் செவித்திறன் பயிற்சி தருபவர், மறுவாழ்வு உளவியலாளர், சிறப்பு ஆசிரியர் போன்றோருக்கு 1992 சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சில். எக்ஸ்ரே, சி.டி. பக்கம் போனால், கதிர்வீச்சுக் கருவியை இயக்குபவருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை 1983-ல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரையறுக்கிறது. கவுன்சிலில் பதிவு செய்யும் தொழில் ஒன்றுக்கு, "பதிவு அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்று ஒரு நிறுவனம் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி: வேலை தருபவர் யார், என்ன கேட்கிறார்? இதுதான் யாரும் செய்யாத வேலை, ஆனால் மிகச் சுலபமான வேலை. 2012-ல் தமிழ்நாடு அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தை, எம்.ஆர்.பி.யை, அமைத்தது. செவிலியர், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன், ரேடியோகிராபர் என்று அது வெளியிட்ட பழைய அறிவிப்புகளை எடுத்துப் படியுங்கள். எந்தப் பதவிக்கு எந்தப் படிப்பு, எந்தக் கவுன்சில் பதிவு, எத்தனை இடம், என்ன சம்பளம் என்று எல்லாம் அச்சில் இருக்கும். செங்கல்பட்டு மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்தப் பணி அறிவிப்புகளும் மாவட்ட இணையதளத்தில் வருகின்றன. கல்லூரியின் விளம்பரப் புத்தகம் படிப்பிலிருந்து வேலைக்குப் போகும். அதில் எல்லாமே அழகாக இருக்கும். நீங்கள் வேலையிலிருந்து படிப்புக்கு வாருங்கள். சர்க்யூட்டில் அவுட்புட்டிலிருந்து பின்னோக்கி வந்து ஃபால்ட் கண்டுபிடிப்போமே, அதே முறைதான்.

சேர்க்கை விஷயத்தில் ஒரே ஆதாரம்தான் உண்டு. கீழ்ப்பாக்கத்தில் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் தகவல் கையேடு. பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம், பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி, ரேடியாலஜி, டயாலிசிஸ், கார்டியாக் டெக்னாலஜி, ஆபரேஷன் தியேட்டர் என்று மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகள் எல்லாம் அதில் ஒரே இடத்தில் இருக்கின்றன. 2024 சேர்க்கையில் இவற்றுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. ஆனால் எந்தப் படிப்புக்கு நீட் வேண்டும், வேண்டாம் என்ற விதி வருஷத்துக்கு வருஷம் மாறக்கூடியது. அதனால் போன வருஷக் கையேட்டை வைத்து இந்த வருஷம் முடிவெடுக்காதீர்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை வைத்து முடிவெடுக்கவே எடுக்காதீர்கள்.

சரி, காகிதத்தில் படித்தாயிற்று. கண்ணால் பார்க்க வேண்டாமா? அதற்கு நம்மைவிடக் கொடுத்து வைத்தவர்கள் யாரும் இல்லை. நம் மின்சார ரயில் பாதையே ஒரு கண்காட்சி. செங்கல்பட்டில் 1965-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. பொத்தேரியில் இறங்கினால் தனியார் மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை. நம் காலேஜுக்கு அடுத்த ஸ்டேஷனின் பெயரே ஓர் ஆஸ்பத்திரியின் பெயர்தான். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் சானடோரியத்தை 1937-ல் அரசு ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அருகிலேயே 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம். நாம் தினமும் "சானடோரியம் வந்தாச்சு, அடுத்தது தாம்பரம்" என்று சொல்லிக்கொண்டு போனோமே ஒழிய, அந்தப் பெயருக்குள்ளே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை.

வடக்கே கிண்டிக்குப் போனால், 1899-ல் தொடங்கிய கிங் நோய்த்தடுப்பு ஆய்வு நிலையமும், அதே வளாகத்தில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையும். தரமணியில் டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி 1958-ல் தொடங்கிய வி.எச்.எஸ். கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், 2005-ல் அமைந்த பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம்; மறுவாழ்வுத் தொழில்களைக் கண்ணால் காண அதைவிட நல்ல இடம் இல்லை.

போகிறபோது முறையோடு போக வேண்டும். நோயாளி காட்சிப் பொருள் அல்ல. பள்ளித் தலைமை ஆசிரியரின் கடிதத்தோடு கண்காணிப்பாளரிடம் முன்கூட்டி அனுமதி வாங்கி, நான்கைந்து பிள்ளைகளாகப் போனால் போதும். அங்கே வேலை செய்பவரிடம் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விகள் சில: இரவு ஷிப்ட் எத்தனை? முதல் சம்பளம் என்ன? ஐந்து வருஷம் கழித்து என்ன? மறுபடி வாய்ப்பு கிடைத்தால் இதையே படிப்பீர்களா? இந்த நான்குக்கும் எந்த விளம்பரப் புத்தகத்திலும் பதில் இருக்காது. லேபில் நாள் முழுக்க நிற்பவரின் கால் வலி தெரிந்து, அதற்குப் பிறகும் "நான் இதுக்குத்தான் போவேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த முடிவை நம்பலாம்.

இன்னொன்று, நேரம். இந்தத் தேடல் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு நடக்கிறது. நடக்க வேண்டியது பத்தாவது முடிந்த மே மாதத்தில். பெரும்பாலான மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும், படித்திருக்க வேண்டும். பி.ஃபார்ம் போன்ற சிலவற்றுக்குத்தான் கணக்கு குரூப்பிலிருந்தும் போகலாம். பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப் எடுத்த பிள்ளை, இரண்டு வருஷம் கழித்து "நான் பிசியோ படிக்கணும்" என்றால் நாம் என்ன செய்ய முடியும்?

உயிரியல் எடுக்காத பிள்ளைகளுக்கும் கதவு முழுக்க மூடவில்லை. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் படித்து, புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சையில் அளவு கணக்கிடும் வேலைக்குப் போகலாம். சென்னை ஐ.ஐ.டி. 2023-ல் மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நான்கு வருட பி.எஸ். படிப்பைத் தொடங்கியிருக்கிறது. நம் ஜூனியர்கள் பி.இ. முடித்து, சென்னை ஐ.ஐ.டி.யும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினீயரிங் எம்.டெக். பக்கம் பார்க்கலாம்.

பணமும் கேள்விதான். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுப் பட்டமோ டிப்ளமாவோ சேரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். சந்தேகம் கேட்கப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண் 2018 முதல் இருக்கிறது. போன் செய்யக் காசு வேண்டாம்; கூச்சம் மட்டும் விட வேண்டும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நாம் ஒவ்வோர் ஆண்டும் பள்ளிகளுக்கு நோட்டுப் புத்தகம் தருகிறோம், நல்ல காரியம். அதோடு பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை ஐந்து அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஓர் அலமாரித் தட்டு. அதில் அந்த வருஷத்துத் தேர்வுக்குழுக் கையேடு, மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டியல், எம்.ஆர்.பி. அறிவிப்புகள் நான்கைந்து, நான் சொன்ன மூன்று கேள்விகள் அச்சிட்ட ஒரு தாள். ஒவ்வொரு தாளின் தலையிலும் ஆண்டு பெரிதாக இருக்க வேண்டும். அடுத்த மே மாதம் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க ஒருவர் பெயரையும் அதில் எழுத வேண்டும். பொறுப்பாள் பெயர் இல்லாத அலமாரியில் கரையான்தான் படிக்கும்.

பேசுவதற்கு ஆள் வெளியே தேட வேண்டாம். இங்கே உட்கார்ந்திருக்கும் உங்கள் வீட்டிலேயே ஒரு லேப் டெக்னீஷியன் அக்கா, ஒரு பார்மசிஸ்ட் மைத்துனர், ஒரு ஹெட் நர்ஸ் அத்தை கட்டாயம் இருப்பார்கள். வருஷத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம், ஒரு பத்தாம் வகுப்பு. அவ்வளவுதான் கேட்கிறேன். முதல் பள்ளிக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மீதி நான்குக்கு, சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது நானே நோட்டோடு வந்து உங்களிடம் கேட்பேன். தப்பிக்க முடியாது!